ஆய்வுக் கட்டுரையை எந்த வடிவத்தில் அனுப்புவது? தமிழ் எடுத்துக்காட்டுகளோடு எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் ஆய்வுக் கட்டுரையை மதிப்பாய்வாளர் எவரும் படிக்கவே இல்லை. தமிழ் வினைமுற்றுகளின் உருபனியலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கட்டுரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் எடுத்துக்காட்டுகள் இருந்தன. அவற்றைப் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே இருந்த டிடிபி மையத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கி, வேர்டு கோப்பில் ஒட்டியிருந்தேன். என் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த அவை, கருத்தரங்கக் குழுவினரின் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. பக்க அமைப்புக்காகக் கருத்தரங்கு தரும் மாதிரிக் கோப்பான வார்ப்புரு முந்தைய ஆண்டினுடையது. தாளின் அளவும் தவறு. கட்டுரை மதிப்பாய்வுக்குப் போகாமல் திரும்பி வந்தது, அதைச் சீர்செய்து வேறொரு கருத்தரங்குக்கு அனுப்ப எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

அந்த ஐந்து மாதங்களில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மொழியியல், கணினி மொழியியல், தமிழியல் ஆகிய துறைகளில் முதன்முறையாகக் கட்டுரை அனுப்பப்போகும் ஆய்வாளர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன். வேறு துறையினருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எழுதத் தொடங்கும் முன்பே, பெறுபவர் கேட்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

எந்த மென்பொருளில் எழுதுவது என்பதை நம் பழக்கத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. கட்டுரையைப் பெறுபவர் எதைக் கேட்கிறார் என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆய்விதழும் கருத்தரங்கும் ஆசிரியர்களுக்கான வழிமுறைகளை வெளியிடுகின்றன. அதைப் படித்து, முதலில் எந்தக் கோப்பைக் கேட்கிறார்கள், ஏற்றுக்கொண்ட பிறகு எந்தக் கோப்பைக் கேட்பார்கள், பக்க வரம்பும் தாளின் அளவும் என்ன, ஆசிரியர் பெயரை மறைக்க வேண்டுமா என்ற நான்கு விவரங்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுள் இரண்டாவது விவரத்தைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். முதல் சமர்ப்பிப்புக்குப் பல ஆய்விதழ்கள் ஒரே ஒரு பிடிஎஃப் கோப்பைப் பெற்றுக்கொண்டு திருப்தி அடைந்துவிடும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகோ, திருத்தக்கூடிய மூலக் கோப்பை, அதாவது வேர்டின் டாக்எக்ஸ் கோப்பையோ லேடெக் (கட்டளைகளால் பக்கத்தை அமைக்கும் மென்பொருள்) மூலத்தையோ படங்களோடு சேர்த்துக் கேட்பார்கள். அந்த நேரத்தில் வடிவம் மாற்ற உட்கார்ந்தால், அட்டவணைகளையும் எடுத்துக்காட்டு எண்களையும் கையால் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

தாளின் அளவிலும் கவனம் தேவை. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அமெரிக்க லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் உடையது. உயரத்தில் உள்ள 18 மில்லிமீட்டர் வேறுபாட்டால், ஒன்றில் எட்டுப் பக்கத்துக்குள் அடங்கும் கட்டுரை மற்றொன்றில் ஒன்பதாம் பக்கத்துக்கு வழிந்துவிடும்.

கணினி மொழியியலில் இருப்போர், அத்துறையின் பன்னாட்டுச் சங்கமான ஏசிஎல் நடத்தும் கருத்தரங்குகளின் விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நீள்கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4 பக்கம், தாள் ஏ4. மேற்கோள் பட்டியல் இந்தக் கணக்கில் சேராது. ஆய்வின் வரம்புகளைக் கூறும் பகுதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் கணக்கில் சேராது. பக்கம் மிச்சமாகும் என்று எண்ணி அந்தப் பகுதியை விட்டுவிட்டால் கட்டுரை மதிப்பாய்வுக்கே போகாது.

வார்ப்புருவை நண்பரிடமிருந்து வாங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தந்தக் கருத்தரங்கின் பக்கத்திலிருந்தே புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

2. வேர்டா, லேடெக்கா என்பதை முடிவு செய்யுங்கள்

தமிழ் இலக்கியம், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளின் ஆய்விதழ்கள் பெரும்பாலும் டாக்எக்ஸ் கோப்பையே கேட்கின்றன. அவற்றுக்கு எழுதுபவர் லேடெக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. கணிதம், இயற்பியல், கணினி அறிவியல், கணினி மொழியியல் ஆகியவற்றில் லேடெக் வார்ப்புருதான் முதன்மையானது. வேர்டு வார்ப்புரு இருந்தாலும் லேடெக்கில் அமைந்தது போல் கச்சிதமாக வருவதில்லை. மொழியியல் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் நேராகப் பொருள் எழுதி வரிசைப்படுத்தும் எடுத்துக்காட்டுகள் நிறைய இருந்தால் லேடெக்கையே பரிந்துரைப்பேன், ஏனெனில் வேர்டில் அவற்றை இடைவெளிப் பொத்தானால் ஒழுங்குபடுத்தியவர்கள், எழுத்துரு மாறியதும் அத்தனையும் கலைந்துபோவதைப் பார்த்திருப்பார்கள். வேர்டிலேயே எழுத வேண்டுமானால், கோடு தெரியாத அட்டவணைக்குள் அவற்றை அமையுங்கள்.

உங்கள் நெறியாளர் எதில் திருத்துவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்டில் மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியோடு திருத்திப் பழகிய பேராசிரியரிடம் லேடெக் மூலத்தைக் கொடுத்தால், அவர் தாளில் அச்சிட்டுத் திருத்தித் தருவார். அதைக் கணினியில் ஏற்றும் வேலை உங்களுடையது. நான் அதற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஒதுக்குகிறேன்.

செலவைப் பொறுத்தவரை, லேடெக் முற்றிலும் இலவசம். அதை நிறுவித் தரும் டெக் லைவ் தொகுதியை முழுமையாக நிறுவப் பல ஜிகாபைட் இடம் வேண்டும். விண்டோஸில் மிக்டெக் என்னும் தொகுதி, தேவைப்படும் பொதிகளை (கூடுதல் வசதி தரும் துணைக் கோப்புகளை) மட்டும் அவ்வப்போது இறக்கிக்கொள்வதால் சிறிய மடிக்கணினிக்கும் ஏற்றது. உலாவியிலேயே எழுத விரும்பினால் ஓவர்லீஃப் இருக்கிறது. அதன் இலவசக் கணக்கில் கூட்டாக எழுதுவோரின் எண்ணிக்கைக்கும் தொகுக்கும் (மூலத்தைப் பிடிஎஃப் ஆக்கும்) நேரத்துக்கும் வரம்பு உண்டு; படங்கள் கூடக் கூட, கெடு நாளன்று தொகுப்பு பாதியில் நின்றுவிடக்கூடும். ஆகவே உங்கள் கணினியிலும் ஒரு டெக் தொகுதியை நிறுவி, வாரம் ஒருமுறை அதிலும் தொகுத்துப் பாருங்கள்.

வேர்டை விலை கொடுத்து வாங்கும் முன்பு, உங்கள் கல்லூரி மின்னஞ்சலுக்கு மாணவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழையும் நன்றாகக் காட்டுகிறது. ஆனால் அதில் எழுதி டாக்எக்ஸாகச் சேமித்த கோப்பு வேர்டில் திறக்கும்போது பக்கப் பிரிவும் அட்டவணை அகலமும் மாறக்கூடும். அனுப்பும் முன்பு வேர்டு உள்ள ஒரு கணினியில் கட்டாயம் திறந்து பாருங்கள். கூகுள் டாக்ஸ், முதல் வரைவைக் கூட்டாக எழுதுவதற்கு மட்டும் போதும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் பேண்டாக் என்னும் இலவசக் கருவி பத்திகளை நன்றாகவே மாற்றுகிறது. சிக்கலான அட்டவணைகளையும் எண்ணிட்ட எடுத்துக்காட்டுகளையும் அதை நம்பி விடாதீர்கள்.

3. தமிழ் எழுத்துகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுங்கள்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். அந்த ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தை எழுத்துரு வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடுகிறது. ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் எழாது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் டிடிபி மையங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வழக்கில் உள்ளன. எனவே தட்டச்சு செய்யக் கொடுக்கும்போதே ஒருங்குறியில் வேண்டும் என்று சொல்லுங்கள். அதைவிட, தமிழ்99 விசைப்பலகையைப் பழகி நீங்களே தட்டச்சு செய்வது மேல். மூன்று வாரம் நாளும் அரை மணி நேரம் பழகியதில் எனக்குக் கை வந்துவிட்டது.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் உள்ளவற்றை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளால் ஒருங்குறியாக்கலாம். ஆங்கிலமும் தமிழும் கலந்த பத்தியை மொத்தமாக மாற்றியில் இடக் கூடாது. ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு எழுத்தெழுத்தாக மெய்ப்புப் பார்ப்பது தவிர்க்க முடியாத வேலை. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள் தமிழில் உள்ளன. ஔகாரக் குறியில் வலப்புறம் வருவதும் புள்ளியில்லாத ளகரமும் பார்வைக்கு ஒன்றே. ‘கௌரவம்’ என்னும் சொல்லை ஒருவர் ஔகாரக் குறியிட்டும், மற்றொருவர் எகரக் குறியும் ளகரமும் இட்டும் எழுதியிருப்பார்கள். ‘ஔவை’யில் முதலெழுத்துக்கு ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதுவதும் இதே பிழைதான். ‘ஸ்ரீ’ என்பதையும் இரண்டு வெவ்வேறு எழுத்து வரிசைகளால் எழுத முடியும். அச்சில் இவை தெரியாமல் போகலாம். தரவுத் தொகுப்பில் சொற்களை எண்ணும் ஆய்வில் ஒரே சொல் இரண்டாகக் கணக்கிடப்பட்டு, உங்கள் அட்டவணையின் எண்களே தவறாகிவிடும். என் இரண்டாவது கட்டுரையில் இதைக் கண்டுபிடித்தது சமர்ப்பிக்கும் நாளுக்கு நான்கு நாள் முன்பு. அட்டவணைகள் மூன்றையும் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று.

4. லேடெக்கில் தமிழை அமைக்கும் முறை

லேடெக் மூலத்தைத் தொகுக்கும் வழக்கமான நிரலான பிடிஎஃப்லேடெக், தமிழ் ஒருங்குறியை நேரடியாக ஏற்காது. ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்னும் நிரலைக் கொண்டே தொகுக்க வேண்டும். ஃபான்ட்ஸ்பெக் பொதியில் தமிழ் எழுத்துருவை அறிவிக்கும்போது, எழுத்து முறை தமிழ் என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். லுவாலேடெக்கில் கூடுதலாக, எழுத்து வடிவமைக்கும் பொறியாக ஹார்ஃப்பஸைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால் எழுத்துருக் கோப்பையே மூலத்தோடு சேர்த்து அனுப்பலாம். ஏசிஎல் வார்ப்புருத் தொகுதியில் லுவாலேடெக்குக்கான மாதிரிக் கோப்பும் இருக்கிறது. தமிழ் எடுத்துக்காட்டு உள்ளவர்கள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

பிடிஎஃப்லேடெக் மட்டுமே ஏற்கும் ஆய்விதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதுவது ஒன்று. ஐஎஸ்ஓ 15919 முறையையோ சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையையோ தேர்ந்து, இறுதிவரை ஒன்றையே பின்பற்றுங்கள். கீழே கோடிட்ட எழுத்துகளை நேரடியாக ஒட்டினால் தொகுக்கும்போது பிழை வரக்கூடும். அவற்றுக்கான லேடெக் குறிக் கட்டளைகளால் எழுதுங்கள். மற்றொரு வழி, தமிழ் எடுத்துக்காட்டை ஸீலேடெக்கில் தனியே தொகுத்து, விளிம்பு நறுக்கிய சிறு பிடிஎஃப் ஆக்கி, படம்போல உள்ளே வைப்பது. இது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவாகத் தெரியும். ஐந்தாறு எடுத்துக்காட்டுகளுக்கு இது போதும். ஐம்பதுக்கு இந்த வழி வேண்டாம்.

5. வேர்டில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

வேர்டு, தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. எழுத்துரு அமைப்புப் பெட்டியில் அதற்கெனத் தனியாக எழுத்துருவும் அளவும் உண்டு. பத்தியின் அளவை 10 என மாற்றிய பிறகும் தமிழ்ச் சொற்கள் 11இலேயே நின்றால், காரணம் இதுதான். பாணி அமைப்பில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்த சிக்கல் வரி உயரம். தமிழ் எழுத்துருக்கள் பொதுவாக ஆங்கில எழுத்துருக்களைவிட மேலும் கீழும் கூடுதல் இடம் கேட்பதால், தமிழ்ச் சொல் உள்ள வரி மட்டும் விலகி நிற்கும், பக்கமும் கூடும். வரி இடைவெளியைக் குறிப்பிட்ட புள்ளி அளவில் நிலைப்படுத்துங்கள். பிறகு கொம்பும் கால்களும் வெட்டுப்படவில்லை என்று அச்சிட்டுப் பாருங்கள். சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். கோப்பு டாக்எக்ஸாக இருக்கட்டும். பழைய டாக் வடிவம் வேண்டாம்.

6. படங்கள்

வரைபடங்களைத் திரைப்பிடிப்பாக எடுக்காதீர்கள். கோட்டு வரைபடங்களையும் தூண் வரைபடங்களையும் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் ஆகச் சேமித்தால் எந்த அளவிலும் தெளிவு குறையாது. கல்வெட்டு, ஓலைச்சுவடி போன்ற ஒளிப்படங்களுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பக்கத்தில் 8.5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நெடும்பத்தியில் (column) வைக்கப்போகும் படத்துக்கு ஏறத்தாழ 1000 புள்ளி அகலம் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிப் பெற்ற படம் சுருக்கப்பட்டது; மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் தீட்டும் மேட்பிளாட்லிப் கருவியில் வரைபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். அது இயல்பாக டைப் 3 என்னும் வகை எழுத்துருவை பிடிஎஃப்பில் பதிக்கிறது, அதை ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் சங்கம்) போன்ற அமைப்புகள் ஏற்பதில்லை. பிடிஎஃப் எழுத்துரு வகையை 42 என்று அமைத்தால் தீரும். வரைபடத்தின் அச்சுகளில் தமிழ்ச் சொற்களை இட்டபோது, நான் பயன்படுத்திய பதிப்பில் கொம்புகள் இடம் மாறி நின்றன; ஸீலேடெக் வழியே வரையும் பிஜிஎஃப் பின்னணிக்கு மாறியதும் சரியாயின.

7. மேற்கோள் பட்டியல்

பட்டியலைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். மேற்கோள் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம், வேர்டோடும் இணையும், லேடெக்குக்கான பிப்டெக் கோப்பையும் தரும். 300 மெகாபைட் வரை இணையச் சேமிப்புக்குக் கட்டணம் இல்லை. பிடிஎஃப் கோப்புகளை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அது தாராளமாகப் போதும்.

நம் பெயர்களை இந்தக் கருவிகள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்து எழுதும் ஆசிரியர் ஒருவரை இறக்கினால், அந்தத் தலைப்பெழுத்தையே குடும்பப் பெயராகக் கொண்டு பட்டியலில் எங்கோ வைத்துவிடும். ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் நீங்களே சரிபாருங்கள். பிப்டெக்கின் பல பாணிகள் கட்டுரைத் தலைப்பில் முதல் சொல் தவிர மற்றவற்றைச் சிறிய எழுத்தாக்கிவிடும். தமிழ், திராவிடம் ஆகிய பெயர்களே ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சாவதைப் பல கட்டுரைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். அச்சொற்களை நெளிவு அடைப்புக்குள் இடுங்கள். தமிழ் எழுத்திலேயே நூல்களைப் பட்டியலிடுவோர், பிப்டெக்குக்கு மாற்றாகப் பைபரைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். அது ஒருங்குறியை முறையாகக் கையாளும்.

8. பிடிஎஃப்பைச் சோதியுங்கள்

அடோபி ரீடரில் கோப்பின் பண்புகளுக்குச் சென்று எழுத்துருப் பகுதியைத் திறந்தால், ஒவ்வோர் எழுத்துருவுக்கும் எதிரே அது பதிக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். ஒன்று பதிக்கப்படாமல் இருந்தாலும் அனுப்பாதீர்கள். அடுத்து, ஒரு தமிழ் வரியைப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்துகள் குழம்பி வந்தால், மதிப்பாய்வாளரால் உங்கள் எடுத்துக்காட்டைத் தேடவோ எடுத்தாளவோ முடியாது. பிறகு, உங்கள் எழுத்துரு எதுவும் நிறுவப்படாத வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பாருங்கள். என் முதல் கட்டுரைக்கு இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

9. பெயரை மறைக்க வேண்டிய கட்டுரைகள்

ஆசிரியர் பெயரை முதல் பக்கத்திலிருந்து நீக்குவது மட்டும் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளிலும், ஓரக் குறிப்புகளிலும், பதிவான மாற்றங்களிலும் உங்கள் பெயரும் நெறியாளரின் பெயரும் தங்கியிருக்கும். ஆவணத்தை ஆராயும் கட்டளை வேர்டிலேயே இருக்கிறது. நகல் ஒன்றை எடுத்து அதில் அதை இயக்கி நீக்குங்கள். லேடெக்கில் ஹைப்பர்ரெஃப் பொதியின் ஆசிரியர் புலத்தைக் காலியாக விடுங்கள். நன்றியுரை, நிதியுதவி எண், உங்கள் பெயரில் உள்ள கிட்ஹப் இணைப்பு ஆகியவற்றையும் ஏற்கப்பட்ட பிறகே சேருங்கள்.

10. பதிவேற்றமும் கால அளவும்

கோப்புப் பெயர்களில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். எடிட்டோரியல் மேனேஜர் போன்ற, கட்டுரைகளைப் பெறும் இணைய அமைப்புகள் நீங்கள் ஏற்றும் மூலத்திலிருந்து தாமே பிடிஎஃப் உருவாக்கி, உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும். லேடெக் கோப்புகளை உட்கோப்புறைகளில் பிரிக்காமல் ஒரே இடத்தில் வையுங்கள். அங்கே உருவான பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரியக்கூடும்; முழுவதும் படித்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

ஆர்க்கைவ் (arXiv) என்னும் இணையக் களஞ்சியத்தில், மதிப்பாய்வுக்கு முன்பே முன்வெளியீடாக இட விரும்புவோர் அறிய வேண்டியவை வேறு. கட்டணம் இல்லை, ஆனால் முதன்முறை இடுபவருக்கு அத்துறையில் ஏற்கெனவே எழுதியவரின் ஆதரவு தேவைப்படலாம், அதற்கென ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். வேர்டு கோப்பை அது ஏற்பதில்லை. லேடெக்கில் உருவான கட்டுரையாக இருந்தால் பிடிஎஃப்பை அன்றி மூலத்தையே கேட்கும். அந்த மூலத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். மூலத்தில் விழுக்காட்டுக் குறியிட்டு மறைத்து வைத்த குறிப்புகளையும், நெறியாளரின் கடுமையான கருத்துகளையும் அனுப்பும் முன்பு நீக்கிவிடுங்கள்.

பல கருத்தரங்குகள் கெடுவைப் பூமியில் எங்கேனும் அந்த நாள் நீடிக்கும் வரை என்ற முறையில் அறிவிக்கின்றன. அப்படி அறிவித்த இரவு 11.59 மணி என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் மாலை 5.29. மாலை வரை நேரம் இருக்கிறது என்று எண்ணிக் கடைசி மணி வரை காத்திருக்காதீர்கள். இணையம் நெரிசலாகும் நேரமும் அதுவே. கெடுவுக்குப் பத்து நாள் முன்பே வார்ப்புருவில் கட்டுரை முழுமையாகப் பொருந்தியிருக்க வேண்டும். மூன்று நாள் முன்பு, முடிவுரை முழுமை பெறாத நிலையிலேனும், ஒருமுறை பதிவேற்றிப் பாருங்கள். பெரும்பாலான கருத்தரங்குகளில் கெடு வரை கோப்பை மாற்றிக்கொள்ளலாம். இணை ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த அமைப்பில் கணக்கு வேண்டுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் கேட்டால், அது இலவசம். சில நிமிடங்களில் பெற்றுவிடலாம்.

இறுதியாக ஏற்றிய கோப்பை அமைப்பிலிருந்தே திரும்ப இறக்கி, தமிழ் எடுத்துக்காட்டு உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலையும் கட்டுரை எண்ணையும், அன்று அனுப்பிய மூலம், படம், எழுத்துரு அனைத்தையும் ஒரே கோப்புறையில் தேதியிட்டுச் சேமியுங்கள். மதிப்பாய்வு முடிந்து திருத்தம் கேட்கும்போது, நீங்கள் தொட வேண்டியது அந்தக் கோப்புறையின் நகலை மட்டுமே.